36 வயதில் கிளினிக்கல் சைக்காலஜியா, சைக்யாட்ரியா?

கணக்குத் துறை வேலையை விட்டுவிட்டு மனநலத் துறைக்கு வர நினைப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சைக்யாட்ரி என்றால்தான் மதிப்பு என்கிறார்கள் வீட்டில். உங்களுக்கோ எதை யோசித்தாலும் வயதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வயதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், ஒரே நோயாளியிடம் சைக்யாட்ரிஸ்ட் என்கிற மனநல மருத்துவரும், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போன ஒருவர் வருகிறார். ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய். மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா, தற்கொலை எண்ணம் உண்டா, உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா என்று மனநல மருத்துவர் ஆராய்கிறார். மருந்து எழுதுகிறார், சில வாரம் பொறுத்து அளவை மாற்றுகிறார், பக்கவிளைவை விசாரிக்கிறார். சைக்காலஜிஸ்ட் அதே ஆளைக் கதவுக் கைப்பிடியைத் தொடவைத்து, கை கழுவாமல் உட்காரச் சொல்கிறார். பதற்றம் ஏறுகிறது, வியர்க்கிறது, எழுந்து ஓடத் தோன்றுகிறது. அதைத் தாங்கிக்கொள்ள அந்த ஆள் பழகும்வரை சைக்காலஜிஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கடினமான பயிற்சி. இப்படியே மாதக்கணக்கில் போகும்.

இதில் எந்த வேலை உங்கள் மனசுக்கு நெருக்கம்? நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி, பேசுவதையும் கேட்பதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து புரியவைப்பதையும் பற்றித்தான். மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் உங்களுக்கு கிளினிக்கல் சைக்காலஜிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சைக்யாட்ரியைக் குறைத்துச் சொல்லவில்லை. பேச்சுச் சிகிச்சையில் பெரிய மாற்றம் கொண்டுவந்த ஆரன் பெக் ஒரு மனநல மருத்துவர்தான். ஆனால் அந்தப் பாதை மருத்துவப் படிப்பு வழியாகத்தான் போகிறது. உடற்கூறியல், பிரசவ வார்டு, அறுவை சிகிச்சை, இரவுப் பணி எல்லாம் முடிந்த பிறகே மனநலம். அதன் பின்னும் உடம்பை விட முடியாது. தைராய்டு குறைந்தாலே மனச்சோர்வு மாதிரி தெரியும். லித்தியம் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணித்தபடி இருக்க வேண்டும். மருத்துவமே பிடித்தவருக்கு இது ஆனந்தம். மதிப்புக்காக மட்டும் போகிறவருக்கு முதல் மூன்று வருடமே மலையாகிவிடும்.

காலக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் எம்பிபிஎஸ் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம், எம்டி சைக்யாட்ரி 3 வருடம். நீட் தேர்வின் உச்ச வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள், ஆகவே சட்டம் தடுக்காது. இடம் கிடைப்பதுதான் பாடு. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பின் மருத்துவம் 4 வருடம், ரெசிடென்சி என்கிற சிறப்புப் பயிற்சி 4 வருடம். அங்கே சைக்காலஜியில் முனைவர் பட்டமும் 5 முதல் 7 வருடம் இழுக்கும், அதனால் இடைவெளி நினைப்பதைவிடச் சிறியது. இங்கிலாந்தில் கிளினிக்கல் சைக்காலஜி டாக்டரேட் 3 வருடம், படிக்கும்போதே சம்பளம். அதனாலேயே போட்டி கடுமை. அதற்கு முன் சைக்காலஜியில் அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் வேண்டும், உங்களைப் போல வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு மாற்றுப் படிப்புகள் இருக்கின்றன.

சைக்காலஜி எளிது என்றும் எண்ண வேண்டாம். புள்ளியியல், ஆய்வு முறைகள், ஆய்வேடு என்று நிறைய இருக்கிறது. பேசத்தானே வந்தோம் என்று வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். எண்களோடு பழகிய உங்களுக்கு அந்த பயம் வேண்டாம்.

வயது? நோயாளிகளிடம் அது உங்களுக்குத் துணை. குழந்தை வளர்த்து, வேலை பார்த்து, கடன் கட்டியவர் எதிரே இருந்தால், நடுத்தர வயதுக்காரர் சீக்கிரம் மனம் திறப்பார். குடும்பத்துக்குத்தான் வயது சுமையாகும், வருமானம் நிற்கும் வருடங்களில்.

தம்பியின் நோயைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரணம்தான். ஆனாலும் ஒவ்வொரு நோயாளியிடமும் தம்பியைத் தேடினால் உங்களுக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். படிப்பில் சேரும் முன் நீங்களே சில அமர்வுகள் ஆலோசகரிடம் போய் வாருங்கள்.

இப்போதே வேலையை விடாதீர்கள். மாலையில் ஒரு உதவி எண் சேவையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில மாதம் தொண்டு செய்யுங்கள். கூடவே முதலாண்டு உடலியங்கியல் புத்தகம் ஒன்று, புள்ளியியல் புத்தகம் ஒன்று எடுத்து, எதை யாரும் சொல்லாமலே மறுபடி திறக்கிறீர்கள் என்று பாருங்கள். சேரப்போகும் படிப்பு உங்கள் நாட்டில் தொழில் பதிவுக்கு ஏற்றதா என்பதைக் கல்லூரியிடம் கேட்காமல் பதிவு வழங்கும் அமைப்பிடமே கேளுங்கள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிக்கு அது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். அந்தப் பதில் எழுத்தில் கையில் வந்த பிறகு கட்டணம் கட்டினால் போதும்.