வயது போனால் வழி ஏன் தடுமாறுகிறது? – கேள்வி பதில்

அமிர்தகழியிலிருந்து: அம்மம்மாவுக்கு 76 வயது. மாமாங்கக் கோயிலுக்குத் தனியாகப் போய் வருவா. ஆனால் புதிதாகப் போன ஆஸ்பத்திரியில், வார்டிலிருந்து வாசலுக்கு வர வழி தெரியாமல் நின்றுவிட்டா. ஏதும் வருத்தம் தொடங்குகிறதா?

அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், தங்கச்சி. கோயில் வழி காலங்காலமாக நடந்து பதிந்தது. புது இடத்துக்கோ மூளை அப்போதே வரைபடம் போட வேண்டும். அது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய பகுதியும் செய்கிற வேலை. 'இந்த இடத்தில் நிற்கிறாய்' என்று காட்டும் மூளைச் செல்களை விஞ்ஞானி ஜோன் ஓகீஃப் 1971இல் கண்டார். தூரமும் திசையும் கணிக்க உதவும் செல்களை மோசர் தம்பதியின் குழு 2005இல் கண்டது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயது போகப் போக ஹிப்போகாம்பஸ் சுருங்கும். அதனால் முதியவர்கள் முழு இடத்தையும் மனதில் பிடிக்காமல், 'கன்டீனடியில் இடப்பக்கம்' என்று திருப்பம் திருப்பமாகப் பிடிக்கிறார்கள். திரும்பி வரும்போது இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். ஆகவே போகும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். வரும்போது கண்ணில் படப்போவது அதுதான். அந்த நேரம் நீங்கள் கதை கொடுக்க வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து: கடையில் எத்தனை பேர் கதைத்தாலும் கணக்குப் பிழைக்காத வாப்பா, இப்போது ரிவி ஓடினாலே எரிந்து விழுகிறார். காது பிரச்சினையா?

காதையும் கட்டாயம் சோதியுங்கள். ஆனால் 2005இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். இடங்களின் படங்களையும் முகங்களின் படங்களையும் காட்டி, இடங்களை நினைவில் வைத்து, முகங்களை விட்டுவிடச் சொன்னார்கள். முதியவர்களின் மூளை இடங்களை இளையவர்கள் அளவுக்கே கவனித்தது. முகங்களை ஒதுக்கத்தான் முடியவில்லை. உங்கள் வாப்பாவுக்குக் கவனம் போகவில்லை, தேவையில்லாததும் சேர்ந்து உள்ளே வருகிறது. அவரைக் குறை சொல்லாமல் ரிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே கேளுங்கள்.

கல்முனையிலிருந்து: நடந்தால் பலன் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்த முதியவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2% பெருத்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லதுதானே, நடக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து: அப்பா தன் வயலுக்குப் போகும் வழியிலேயே இரண்டு தரம் தடுமாறிவிட்டார்.

இது வேறு. பழகிய வழி தவறினால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். அல்சைமர் என்ற மறதி நோய் முதலில் தொடும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸை ஒட்டித்தான் இருக்கிறது. தைராய்டு, விட்டமின் பி12 குறைவு, சில மாத்திரைகள் என்று சரிப்படுத்தக்கூடிய காரணங்களும் உண்டு. அவர் குடிக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.