கணக்கு சரிதான், பசி ஏன் அடங்கவில்லை?

கேள்வி: எடை குறைக்க காலை டிபனை விட்டுவிட்டேன். ஒரு தம்ளர் சாத்துக்குடி ஜூஸ், ஆறு மேரி பிஸ்கட், ஒரு டீ. செல்போன் ஆப் 300 கலோரிதான் என்கிறது. ஆனால் பதினோரு மணிக்கே கை நடுங்குகிற பசி. எடையும் அசையவில்லை. ஏன்?
வாசகி, கரூர்

பதில்: ஆப் போடும் கணக்கில் பெரிய தப்பில்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஆனால் புரதத்தைச் செரித்துப் பயன்படுத்தவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகபட்சம் 3. பசியை அடக்குவதிலும் புரதம்தான் முந்தி.

உங்கள் காலை உணவில் புரதம் 6 கிராம் தேறினால் அதிகம். வடிகட்டிய ஜூஸில் சக்கை போய்விட்டது. குடித்த கலோரிக்கு ஈடாக அடுத்த வேளை நாம் குறைத்துச் சாப்பிடுவதும் இல்லை. பதினோரு மணிப் பசிக்கு ஒரு வடை உள்ளே போகிறதா? அதையும் ஆப்பில் ஏற்றிப் பாருங்கள்.

அதே 300 கலோரிக்கு இரண்டு இட்லி, ஒரு கப் கெட்டி சாம்பார், ஒரு அவித்த முட்டை. புரதம் 14 கிராம் அளவுக்கு வரும். முட்டை வேண்டாமென்றால் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல். பலர் கோட்டை விடுவது சாம்பாரில்தான்: பருப்பு அடியில் தங்க, மேலாகத் தெளிந்த தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குங்கள். சாத்துக்குடியைச் சுளையாகத் தின்னுங்கள்.

பிஸ்கட் விஷயத்தில் நாங்கள் கறார்தான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவு தரப்பட்டது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள்.

கை நடுக்கம் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரானால் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: வேர்க்கடலை கொழுப்பாயிற்றே, தினமும் சாப்பிடலாமா?
வாசகர், தேனி

பதில்: தாராளமாக, 30 கிராம், ஒரு கைப்பிடி. சுமார் 170 கலோரி. முழுக்கடலையின் செல் சுவருக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். ஆட்டி எடுத்த எண்ணெய்க்கு அந்தச் சலுகை கிடையாது: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, அத்தனையும் உடம்பில் சேரும். அவித்தோ வறுத்தோ சாப்பிடுங்கள். பாக்கெட்டோடு டிவி முன் உட்கார வேண்டாம்.