டம்ளரை எடுக்கப் போனால் முழங்கை ஏன் மடங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் தோள் மேலே ஏறுகிறது, முழங்கை மடங்கிக்கொள்கிறது, உடம்பே முன்னால் சாய்கிறது. யாராவது லேசாக இடித்தால் தண்ணீர் கொட்டிவிடுகிறது. 'கவனமே இல்லை' என்று அம்மா திட்டுகிறார். கையில் பலம் இல்லாததுதான் காரணமா?

பதில்: இது கவனக்குறைவு இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நம் கையை யாராவது தட்டினால் நாம் யோசித்தா சரிசெய்கிறோம்? பத்தில் ஒரு நொடிக்குள், தட்டியது நமக்கு உறைக்கும் முன்பே, மூளையும் தண்டுவடமும் கையைத் திருத்திவிடும். இடி முழங்கையில் பட்டாலும் தோள் தசையும் சேர்ந்து இறுகும், ஏனென்றால் முன்கை ஆடினால் அந்த வேகம் தோளையும் இழுக்கும். பக்கவாதத்தில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. தோளையும் முழங்கையையும் தனித்தனியாக இயக்க முடியாமல், கையைத் தூக்கினாலே முழங்கை கூடவே மடங்குகிறது. பலக்குறைவும் இருக்கும்தான், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தப் பிணைப்புதான் பெரிய தொல்லை.

கையை மேசை மேல் வைத்து, அடியில் ஒரு துண்டு போட்டு, முன்னால் தள்ளச் சொல்லுங்கள். எடையை மேசை தாங்குவதால் முழங்கை முன்பைவிட நன்றாக விரியும். பயிற்சியும் இதுதான். முதுகு நாற்காலியை விட்டு வரக் கூடாது. உடம்பு சாய்ந்தே வேலையை முடித்துவிட்டால் முழங்கை எதற்கு விரியப்போகிறது? பழகியதும் கையை மேசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம், அப்புறம் காலி டம்ளர், பிறகு பாதித் தண்ணீர்.

பலம் வரட்டும் என்று ஸ்மைலி பந்தை (கைக்குள் அடங்கும் மெத்தென்ற பந்து) நாள் முழுக்க அமுக்க வைத்தால், அதை நிறுத்துங்கள். ஏற்கெனவே மடங்கத் துடிக்கும் விரல்களை அது இன்னும் மடக்கத்தான் பழக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி செய்யவும்' என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள், என்ன செய்வது, எத்தனை தடவை, யார் சொல்லித்தருவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் நுழைகிறார்கள். நரம்பைத் தூண்டும் மெஷின் என்பான், ஸ்டெம்செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி என்பான். பக்கவாதத்துக்கு ஸ்டெம்செல் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அதைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நகையை அடகு வைத்து அங்கே போகாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். அப்பா உட்கார்ந்திருக்கும்போது தோள் எலும்பின் நுனிக்குக் கீழே விரலை வையுங்கள். விரல் பதியும் அளவு பள்ளம் இருந்தாலோ, தோளில் வலி இருந்தாலோ மூட்டு கீழே இறங்கியிருக்கலாம். அப்படியானால் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்கும்வரை மேசைப் பயிற்சியும் வேண்டாம். பள்ளம் இருக்கிறதோ இல்லையோ, தலைக்கு மேலே கப்பி மாட்டிக் கயிற்றால் அந்தக் கையை இழுக்கவே இழுக்காதீர்கள், தோள் வலி வந்து சேரும். கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வீட்டில் உதவிக்கு வரும் ஆளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.