ஆட்டுக்குடலும் 79ஆவது உறுப்பும்

கேள்வி: மனித உடலில் 79 உறுப்புகள் என்கிறான் உயர்நிலை 2 படிக்கும் என் பேரன். மெசன்டரி என்று ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நாங்கள் படித்தபோது 78தானே? இவ்வளவு நாள் அது எங்கே ஒளிந்திருந்தது?
- பிடோக் வாசகர்

பதில்: எங்கேயும் ஒளியவில்லை ஐயா. குடல் குழம்பு சாப்பிடுபவராக இருந்தால் கொஞ்சம் உங்கள் வயிற்றுக்குள்ளும் போயிருக்கும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் தேக்கா சந்தையில் ஆட்டுக்குடலைக் கொத்தாக அப்படியே பையில் போட்டுக் கொடுப்பார்கள். சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்க, குடல் முழ முழமாகக் கழன்று வரும். மற்ற கையில் மிஞ்சுவது, கொசுவம் வைத்த பாவாடை மாதிரி ஒரு சவ்வு. அதற்குள் ரத்தக்குழாய்கள் ஓடும், இடையிடையே வெள்ளைக் கொழுப்பு. அதுதான் மெசன்டரி. நான் தூக்கிப்போடப் போவேன். "ருசியே அதில்தான் இருக்கு" என்று மாமியார் பாதியைப் பிடுங்கிச் சட்டியில் போட்டுவிடுவார்.

நமக்கும் அதே அமைப்புதான். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். அதைத் தாங்கும் சவ்வு முதுகுப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ 15 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. குடலுக்குப் போகும் ரத்தமும் நரம்பும் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அப்புறம் ஏன் குழப்பம்? பெருங்குடல் வலப்பக்கம் மேலே ஏறும் இடத்திலும் இடப்பக்கம் கீழே இறங்கும் இடத்திலும் இந்தச் சவ்வு முதுகுச் சுவரோடு அப்பிக்கொண்டிருப்பதால், அங்கே இல்லாதது போலத் தெரியும். அங்கேயும் இருக்கிறது என்று 1878இலேயே ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் கார்ல் டோல்ட் சொன்னார். ஆனால் 1885இல் லண்டன் அறுவை மருத்துவர் பிரெட்ரிக் டிரீவ்ஸ், இது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது என்றார். பிற்பாடு 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கே வயிற்றில் கத்தி வைத்தவர் அவர். அப்பேர்ப்பட்டவர் சொன்னால் யார் மறுப்பது? பாடப்புத்தகங்கள் நூறு வருஷத்துக்கு மேல் அவர் பக்கமே நின்றன.

அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபி குழுவினர், இது மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டுதான் என்று 2012இல் காட்டினார்கள். ஒரே துண்டு என்றால் உறுப்பு என்றே சொல்லலாமே என்று 2016இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் காஃபியும் சக ஆய்வாளர் ஓலியரியும் எழுத, செய்தித்தாள்கள் 79 என்று எண் போட்டுவிட்டன. அந்தக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. உறுப்புகளுக்கு அதிகாரபூர்வமான பட்டியல் எதுவும் கிடையாது. எலும்பையும் பல்லையும் தனித்தனியாக எண்ணினால் எங்கேயோ போய் நிற்கும். நீங்கள் 78 என்று பள்ளியில் படித்ததாகச் சொல்வதையும் நான் நம்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்!

கேள்வி: என் மகளின் 3 மாதக் குழந்தை வாந்தி எடுக்கிறது. குடலேற்றம், எண்ணெய் போட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தட்டலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: வேண்டாம்மா. குடல் மேலே ஏறாது, மேலே சொன்ன சவ்வு அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் மிகக் குறுகலாக இருக்கும். அப்போது குடல் முறுக்கிக்கொண்டு ரத்தம் போவது நின்றுவிடும். அதன் முக்கிய அடையாளம் பச்சை நிற வாந்தி. பச்சையைப் பார்த்துவிட்டால், இரவு 2 மணியானாலும் எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடித்த பாலையே கொஞ்சம் கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தை, எடையும் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் பயமில்லை. அதையும் மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், 31 வருஷம் தாதியாக இருந்தவள் என்று.