கடைக்குக் கம்ப்யூட்டர்: ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பா, புது மினி பிசியா?

கேள்வி: கோவில்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். பான் கார்டு, கல்லூரி விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகை என்று காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் உழைத்த பெட்டி போன வாரம் படுத்துவிட்டது. மதுரையில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) டெஸ்க்டாப், "ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்" என்று 14,500 ரூபாய் சொல்கிறார்கள். என் தம்பி மகனோ, "அத்தை, யாரோ கழித்துப் போட்டது நமக்கு எதுக்கு? என்100 மினி பிசி புதுசாவே வாங்கிடலாம்" என்கிறான். 20,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை வாங்கட்டும்?

பதில்: சகோதரி, உங்கள் கடைக்கு ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்தான் சரி. ஆனால் மதுரைக் கடையில் சொன்ன அந்தப் பெட்டியா என்றால், இப்போதே தலையாட்ட மாட்டேன். அவர்கள் சொன்னதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது: ஐ5 என்பது கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் சிப்பின் பெயர்; அது எத்தனையாவது தலைமுறை?

போன மாதம் ஓர் அச்சகக்காரர் என்னிடம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஐ5 ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் வலது மேல் மூலையில் ஐ5-3470 என்று இருந்தது. 2012-இல் வந்த சிப். கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை, நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம், ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு: 3470 என்றால் மூன்றாவது, 6500 என்றால் ஆறாவது, 8500 என்றால் எட்டாவது, 10400 என்றால் பத்தாவது. நாலும் ஐ5தான். கேட்டால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது.

எட்டாவது தலைமுறைக்குக் கீழே உங்கள் கடைக்கு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப் எட்டாவது தலைமுறையாகவாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. ஏழாவதில் விதிவிலக்காகச் சில சிப்கள்தான் தேறும். பழைய பெட்டியிலும் இந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிட வழி இருக்கிறது. "போட்டே தருகிறோம்" என்ற வார்த்தையில் எனக்குச் சந்தேகம் வருவது அதனால்தான். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. வீட்டில் படம் பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகல், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் கிடக்கும். அவர்கள் உங்களை நம்பி நீட்டிய காகிதங்கள் அவை.

ஆகவே கடைக்கு போன் போட்டு மாடல் எண்ணைக் கேளுங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் என்றால் 3060, 5060, 7060 என்று 60-இல் முடிபவை எட்டாவது தலைமுறைக்கானவை. 50-இல் முடிந்தால் அதற்கு முந்தையவை. எச்பி எலைட்டெஸ்க் 800, ப்ரோடெஸ்க் 600 என்றால் ஜி4 கேளுங்கள், ஜி3 வேண்டாம். லெனோவோ திங்க்சென்டரில் எம்720 சரி, எம்710 வேண்டாம். சிப் எண்ணை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

தம்பி மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்100 நல்ல சிப். நாலு கோர், குறித்திருக்கும் மின் அளவு வெறும் 6 வாட், 2023-இல் வந்தது. டைப்பிங், விண்ணப்பம், யூடியூப் எல்லாம் சிரமமில்லாமல் ஓடும். பிள்ளைகள் படிக்க வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். கரண்ட் போனால் ஒரே யுபிஎஸ்ஸில் டெஸ்க்டாப்பைவிட நெடுநேரம் தாங்கும். ஆனால் ஒருபுறம் போட்டோஷாப்பில் எட்டு போட்டோவை அடுக்கிக்கொண்டு, மறுபுறம் கோரல்டிராவில் பத்திரிகையைத் திறந்து வைத்து, பிரவுசரில் பத்து டேப்பும் ஓடும்போது ஆறு கோர் உள்ள ஐ5-8500 அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை வாங்கும். கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இரண்டுக்கும் 20 வாட் வித்தியாசம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தில் கால் யூனிட்கூட ஆகாது. மாதம் 6, 7 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் 70 ரூபாய்தான்.

எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகப் படுவது ரிப்பேர். மினி பிசியில் எல்லாம் ஒரே போர்டு. பல மாடல்களில் ரேமையும் போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள். போர்டு போனால் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அட்மிஷன் நேரத்தில் இரண்டு வாரம் கடையில் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியுமா? ஆப்டிப்ளெக்ஸ் மாதிரிப் பெட்டிகள் அலுவலகங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியே வருவதால் ரேம், ஃபேன், எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். கடையில் தொங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால்தான் பரவலாக விற்ற மாடலாகப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. மினி பிசி மலிவாகத் தெரிந்தால் ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளே இருக்கிறதா, வெறும் பெட்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். 16 ஜிபி ரேமோடு வரும் பழைய பெட்டிக்கு இன்று மதிப்புக் கூடுதல்தான்.

மதுரைக்கு நேரில் போங்கள். உங்கள் பிரின்டரின் யுஎஸ்பி கேபிளையும், பென் டிரைவில் ஒரு பெரிய பத்திரிகை ஃபைலையும் எடுத்துப் போங்கள். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபேனில் தூசி படிந்து கிடந்தால் சுத்தம்கூடச் செய்யாமல் விற்கிறார்கள் என்று அர்த்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று தெரியும். புது எஸ்எஸ்டி என்று சொல்லிவிட்டு அங்கே ஆயிரக்கணக்கில் மணி காட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெட்டியை அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள், சின்னக் காசு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசன்ஸ் என்று வர வேண்டும். கம்பெனி அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிக்குப் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசன்ஸ் கூடவே வந்திருக்கும்; கிராக் போட்டுத் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மானிட்டர் விஜிஏ என்றால் அதற்கான கன்வெர்ட்டரையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பரும் வாரண்டி மாதமும் எழுதியிருக்கட்டும்.

கடையில் இடம் நெருக்கடி என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. டெல் மைக்ரோ, லெனோவோ டைனி, எச்பி மினி என்று அதே அலுவலகக் கம்பெனிகளின் குட்டிப் பெட்டிகளும் ரீஃபர்பிஷ்டாக வருகின்றன. எட்டாவது தலைமுறையில் ஐ5-8500டி இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

எதை வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். தம்பி மகனே செய்துவிடுவான். 2024 தொடக்கத்தில் பெட்டி பிரிக்காத புது மினி பிசிக்களிலேயே வைரஸ் இருந்தது தெரியவந்தது. ஆகவே புதுசுக்கும் இது பொருந்தும்.

படுத்துப்போன பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன் அதன் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி உங்கள் பீரோவில் வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் அதற்குள் பத்து வருஷத்து ஆதார் நகல்கள் உயிரோடுதான் இருக்கும்.