துகள் இயற்பியலிலிருந்து மென்பொருள் நிறுவனத்துக்கு: ஸ்டீபன் வோல்ஃப்ராம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (முதுநிலை இயற்பியல் மாணவர்): ஐயா, மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளை உருவாக்கிய வோல்ஃப்ராம், 20 வயதில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் ஏன் இயற்பியலைக் கைவிட்டு வியாபாரத்துக்குப் போனார்?

பதில்: கைவிட்டார் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1970களில் துகள் இயற்பியலில் ஒரு கணக்கை எடுத்தவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். துகள்கள் மோதிச் சிதறுவதைக் கணிக்க, இயற்பியலாளர் ரிச்சர்ட் பெயின்மன் வகுத்த கோட்டு வரைபடங்களை வரைய வேண்டும். துல்லியம் கூடக் கூட வரைபடங்கள் பெருகும். ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாக இயற்கணிதமாய் விரியும். எங்கோ ஒரு கழித்தல் குறி விடுபட்டால் அத்தனையும் வீண். இந்தச் சுமையைக் கணினியிடம் ஒப்படைக்க, டச்சு இயற்பியலாளர் வெல்ட்மன் 1960களிலேயே ஒரு நிரல் எழுதியிருந்தார். அமெரிக்காவின் எம்ஐடியிலும் மாக்சிமா (Macsyma) என்ற மென்பொருள் இருந்தது. இருப்பவை போதவில்லை என்று கண்ட வோல்ஃப்ராம், 1979இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் எஸ்எம்பி என்ற மென்பொருளைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். இயற்பியல் கணக்குக்காகப் பிறந்த கருவி அது. நிறுவனம் பிறகு வந்தது.

கேள்வி: எஸ்எம்பி என்ன ஆயிற்று?

பதில்: அது விற்பனைக்கு வந்தது. ஆனால் உரிமை யாருக்கு என்பதில் கால்டெக்குடன் தகராறு மூண்டு, அவர் அங்கிருந்து விலகினார். 1983இல் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்துக்கும், 1986இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கும் போனார். ஆய்வகத்தில் மென்பொருள் எழுதும் மாணவர்கள், பணியில் சேரும்போதே அறிவுசார் சொத்து விதிகளைப் படித்துவிட வேண்டும். எழுதி முடித்த பிறகு படிப்பதில் பயனில்லை.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): 1988இல் வந்த மேத்தமேட்டிகாவில் அப்படி என்ன புதுமை?

பதில்: எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் அடித்தளம். எண், சமன்பாடு, வரைபடம், நிரல் என எதுவானாலும் அங்கே ஒரே வகைக் கோவைதான், அதாவது குறியீடுகளைக் கோத்த தொடர்தான். ‘இந்த அமைப்பைக் கண்டால் அந்த அமைப்பாக மாற்று’ என்று விதி எழுதினால் வேலை நடக்கும். x வர்க்கத்தை வகையிட்டு 2x பெறுவதும், நூறு பக்கக் கோவையைச் சுருக்குவதும் இதே விதிமாற்றத்தின் வழியில்தான். தாளில் கணக்குப் போடும் இயற்பியலாளர் செய்வதும் அதுவே, அதனால்தான் எங்கள் துறையினருக்கு அது உடனே கைவந்தது.

இன்னொன்று, நோட்புக். விளக்க உரையும் கணக்கும் வரைபடமும் ஒரே ஆவணத்தில் இருக்கும். கணக்கை மாற்றி அங்கேயே மீண்டும் இயக்கலாம். அந்த இடைமுகத்தை வடிவமைத்தவர் இணை நிறுவனர் தியோடோர் கிரே. இன்று தரவு அறிவியலில் எல்லாரும் திறக்கும் ஜூபிட்டர் (Jupyter) நோட்புக் மென்பொருள் அந்த வழியில் வந்ததே. அதற்கு வித்திட்ட ஃபெர்னாண்டோ பெரஸும் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தவர்தான். மேத்தமேட்டிகா என்ற பெயரை யோசனை சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ். தமது நெக்ஸ்ட் கணினிகளுடன் அதைச் சேர்த்தே கொடுத்தார்.

கேள்வி: வோல்ஃப்ராம் நிர்வாகத்துக்கு ஏற்றவரா? பெயின்மன் எச்சரித்ததாகப் படித்தேன்.

பதில்: 1985இல் வோல்ஃப்ராம் சொந்தமாக ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்க எண்ணியபோது, பெயின்மன் அதை ஆதரிக்காமல் கடிதம் எழுதினார். சாதாரண மனிதர்களை உனக்குப் புரியாது, நிர்வாகத்தில் சிக்கினால் ஆய்வு போய்விடும் என்பது அதன் சாரம். அக்கறையில் எழுதிய கடிதம் அது. ஆனால் வோல்ஃப்ராம் 1987இல் தொடங்கிய வோல்ஃப்ராம் ரிசர்ச்சை இன்றும் அவரே நடத்துகிறார். அது பங்குச்சந்தைக்குப் போகவில்லை. மென்பொருள் விற்ற வருமானம் இருந்ததால், எந்த மானியக் குழுவின் முன்னும் விண்ணப்பத்தோடு நிற்காமல் தமக்குப் பிடித்த ஆய்வைச் செய்தார். நிறுவனமே அவருக்கு ஆய்வுச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. இந்த இடத்தில் பெயின்மனின் கணிப்பு பலிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மேத்தமேட்டிகா வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): கட்டங்களை வரிசை வரிசையாக நிரப்ப வோல்ஃப்ராம் ஆராய்ந்த ‘விதி 30’ என்பதை என் மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

பதில்: கட்டம் போட்ட தாள் போதும். முதல் வரிசையில் நடுவில் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். அடுத்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல் வரிசையில் நேர் மேலே உள்ளது, அதன் இடப்பக்கம், வலப்பக்கம் என மூன்று கட்டங்களைப் பாருங்கள். நடுவிலோ வலத்திலோ கறுப்பு இருந்தால், இடக்கட்டத்தின் நிறத்துக்கு எதிரான நிறம். இரண்டும் வெள்ளையாக இருந்தால் இடக்கட்டத்தின் நிறமே. கறுப்பை 1, வெள்ளையை 0 என்று எழுதினால், 1, அடுத்து 111, அடுத்து 11001, அடுத்து 1101111 என்று விரியும். நடுக்கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 1, 1, 0, 1... இதில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. மேத்தமேட்டிகாவே இதைத் தற்போக்கு எண்கள் தரப் பயன்படுத்தியது. மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். அந்த வியப்பைத் திரையில் பார்த்துப் பெற முடியாது.

கேள்வி: அப்படியானால் பிரபஞ்சமே இத்தகைய எளிய விதியில் இயங்குகிறது என்ற அவருடைய கருத்து உண்மையா?

பதில்: இன்னும் நிரூபணமாகவில்லை. 2002இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூலிலும், 2020இல் அறிவித்த இயற்பியல் திட்டத்திலும் அவர் இதை வலியுறுத்தினார். பரிசோதனையில் சோதிக்கத்தக்க புதிய எண் ஒன்றை அது தரட்டும் என்று இயற்பியலாளர் பலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைத் தாண்டித் தாமே பதிப்பித்தது அந்த நூலுக்கு நன்மை செய்யவில்லை. சொந்தப் பணத்தில் ஆய்வு செய்பவரை மறுத்துப் பேச அருகில் ஆள் இல்லாமல் போகலாம். எனக்கு இது கவலை தருகிறது.

கேள்வி (ஆய்வு மாணவி): நானும் கோட்பாட்டு இயற்பியல்தான். நிறுவனம் தொடங்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் ஆய்வில் எந்த வேலை உங்களை வாரக்கணக்கில் தேக்கி வைக்கிறதோ, அங்கே ஆரம்பியுங்கள் அம்மா. அதற்கொரு சிறு நிரல் எழுதி, பக்கத்து ஆய்வகத்தாரிடம் கொடுத்துப் பாருங்கள். மறுவாரம் அவர்களே வந்து கேட்டால் அடுத்த படியை யோசிக்கலாம். மேத்தமேட்டிகா உரிமத்துக்குப் பணம் இல்லையென்றால், ராஸ்பெரி பை என்ற சிறிய, மலிவான கணினியில் அது 2013 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பழகிப் பார்க்க அது போதும்.