கம்பெனி கிளாஸ் இல்லாமல் பீர் விமர்சனம் எழுதலாமா?

கேள்வி: பெங்களூர் போகும்போதெல்லாம் புதுப்புது பீர் குடித்துப் பார்த்து, ருசியைக் குறித்து வைத்து விமர்சனம் எழுதுவது என் பழக்கம். ஊரில் கிடைப்பதைப் பற்றியும் எழுதுகிறேன். “எந்த பீரோ அந்தக் கம்பெனி கிளாஸில் ஊற்றிக் குடிக்காவிட்டால் விமர்சனமே செல்லாது” என்கிறார்கள் நண்பர்கள். இங்கே ஒருவர் ‘ஒரிஜினல் இம்போர்ட்டட்’ கிளாஸ் ஆறு சேர்ந்த செட் 5,400 ரூபாய் என்கிறார். 500 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுத்து வாங்கலாமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்:

வாங்காதீர்கள். கிளாஸ் முக்கியம்தான், அதன்மேல் அச்சடித்த பெயர் முக்கியமில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் உங்களிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்கள்.

பீர் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். ருசி பார்க்கும் மேசைக்குச் சொந்தக் கம்பெனியின் கிளாஸ்கூட வராது. பெயர் கண்ணில் பட்டால் நாக்குக்கு முன்னால் மனசு மார்க் போட்டுவிடும். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்ப்பவர்களைப் பாருங்கள். வரிசையாக ஒரே அளவில் வெள்ளைக் கோப்பைகள். எந்த எஸ்டேட் தூளானாலும் கோப்பை மாறாது. மாறினால், வித்தியாசம் தூளிலா கோப்பையிலா என்று யார் சொல்வது? ஒவ்வொரு பீருக்கும் ஒரு கிளாஸ் மாற்றினால் உங்கள் குறிப்பேட்டுக்கும் அந்தக் கதிதான்.

பீர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துத் தகுதி தரும் பிஜேசிபி என்ற அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. அதன் மதிப்பெண் தாளுக்கு மொத்தம் 50 மார்க். சுவைக்கு 20, வாசனைக்கு 12, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழுக்கும் 5. கண்ணுக்குத் தெரியும் நிறம், தெளிவு, நுரை எல்லாவற்றுக்கும் சேர்த்து வெறும் 3. கிளாஸுக்கென்று அரை மார்க்கூடக் கிடையாது. போட்டிகள் பலவற்றில் நடுவர்களுக்குச் சின்னப் பிளாஸ்டிக் கப்பில்தான் ஊற்றித் தருகிறார்கள். (பிளாஸ்டிக் கப் 2019 முதல் நம் மாநிலத்தில் தடை, அதனால் அந்த வழி நமக்கு வேண்டாம்.) அந்த நடுவர்கள் எழுதுவது செல்லும் என்றால் நீங்கள் எழுதுவதும் செல்லும்.

அப்புறம் கிளாஸால் என்னதான் பயன்? மூக்குக்குப் பயன். நுரை உடைய உடைய வாசனை மேலே வரும். வாய் கொஞ்சம் குறுகிய கிளாஸ் அதைப் பிடித்து வைக்கும், வாய் அகன்ற மக் விட்டுவிடும். தண்டு வைத்த சாதாரண வைன் கிளாஸ், 400 மில்லிக்குக் குறையாமல் பிடிப்பது, நிறமும் பூவேலையும் இல்லாதது போதும். நல்ல பாத்திரக் கடையில் கிடைக்கும். ஒரே மாதிரி இரண்டு வாங்கி, எல்லா பீரையும் அதிலேயே 100 மில்லி அளவு ஊற்றுங்கள். முடிந்தால் வீட்டில் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லி, எது எந்த பீர் என்று தெரியாமல் குடித்து எழுதுங்கள்.

கம்பெனி கிளாஸில் விஷயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்து டூவெல் கிளாஸின் அடியில் உள்பக்கமாகப் பொடிக் கீறல் போட்டிருப்பார்கள். அதிலிருந்து குமிழ் விடாமல் எழும்பி நுரையைக் காப்பாற்றும். ஹோகார்டனுக்கு ஆறு பட்டை வைத்த தடிக் கிளாஸ், சீக்கிரம் சூடேறக் கூடாது என்று. குவாக் பீருக்கு மரச்சட்டத்தில் செருகி நிறுத்தும் கிளாஸ் உண்டு. வேடிக்கையாக இருக்கும், ருசிக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. எட்டு சதவீதம் வரை போகும் நம்மூர் ஸ்ட்ராங் பீரை இதில் எதில் ஊற்றினாலும் அது ஸ்ட்ராங் பீர்தான்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. எல்லாரும் சறுக்கும் இடம் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன். ஜெர்மனியின் பவேரியா பாணிக் கோதுமை பீர். பாட்டில் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். அதற்கென்று இடுப்பு குறுகி மேலே அகன்ற, உயரமான அரை லிட்டர் கிளாஸ் வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்காக இல்லை. பாட்டிலும் அரை லிட்டர். முக்கால்வாசியைச் சாய்த்து மெதுவாக ஊற்றிவிட்டு, மீதியைப் பாட்டிலோடு சுழற்றி, அடி ஈஸ்ட்டைக் கலக்கி, அதையும் அதே கிளாஸில் ஊற்ற வேண்டும். முழு பீரும் அதன் உயர்ந்த நுரையும் ஒரே கிளாஸில் அடங்கியாக வேண்டும். நான் மேலே சொன்னபடி 100 மில்லி, 100 மில்லியாக ஊற்றினால் முதல் கிளாஸில் தெளிந்த பீர் வரும், கடைசிக் கிளாஸில் ஈஸ்ட் வண்டல் வரும். ஒரே பாட்டிலுக்கு நீங்கள் இரண்டு விமர்சனம் எழுத வேண்டியிருக்கும். உயரக் கிளாஸ் இல்லையா? சரி, ஒரு கண்ணாடி ஜக்கில் பாட்டில் முழுவதையும் ஈஸ்ட்டோடு ஊற்றிக் கலந்து, அதிலிருந்து வைன் கிளாஸுக்கு ஊற்றுங்கள். நுரை கொஞ்சம் சாகும், ஆனால் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் எல்லாக் கிளாஸிலும் ஒரே அளவாக இருக்கும். விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகித் தந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள், இல்லாவிட்டால் எலுமிச்சையைத்தான் விமர்சனம் செய்துகொண்டிருப்பீர்கள். பெங்களூரில் ஆலையோடு சேர்ந்த பப்புகளில் குழாயிலிருந்து தரும் கோதுமை பீர் கலங்கலாகவே வரும், அதற்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். இவ்வளவு சொல்லியும் பாருங்கள், கம்பெனி பெயர் எங்கேயும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கொள்ளளவுதான்.

மலையில் இருப்பதால் இன்னொன்று. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் திறந்ததும் நுரை அதிகம் பொங்கும். 330 மில்லி பாட்டிலுக்கு 330 மில்லி கிளாஸ் என்று கணக்கு வைத்தால் மேசை நனையும். கிளாஸை ஃப்ரீசரில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். உறைந்த கிளாஸில் நுரை தாறுமாறாகப் பொங்கும், வாசனை மந்தமாகிவிடும். நமக்கு அலமாரிக் குளிரே போதும். வெயில் காய்ந்துகொண்டே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறவராக இருந்தால், கிளாஸை நிழலில் வையுங்கள். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து நாற்றம் பிடிக்கும். நேர்வெயிலில் அதற்குச் சில நிமிடம் போதும். பச்சைப் பாட்டில் பீருக்குக் கடையிலேயே அது நடந்திருக்கலாம். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும்.

இனி அந்த 5,400 ரூபாய் ஆசாமிக்கு வருவோம். சீசன் தொடங்கினால் இந்த மாதிரி ஆட்கள் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏறி வருவார்கள். சொல்லும் கதை மூன்றுதான். ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்பது முதல் கதை. சாதாரண உள்ளூர் கிளாஸில் யாரோ படம் ஒட்டிச் சுட்டது. நகத்தால் அழுத்திச் சுரண்டினால் ஓரம் பிசிறும். இரண்டாவது, ‘பாரிலிருந்து வந்தது’. கம்பெனிகள் விளம்பரத்துக்காகப் பார்களுக்குக் கொடுப்பதை இவர்கள் பின்வாசல் வழியாக எடுத்து உங்களுக்கு விற்கிறார்கள். பொருள் அசலாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது, ‘கிரிஸ்டல் சார், தட்டிப் பாருங்க, மணி மாதிரி சத்தம் வரும்’. பழைய பாணிக் கிரிஸ்டலில் நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கும். அந்த மணிச் சத்தமே ஈயத்தால் வருவதுதான். விளிம்புவரை பளபளவென்று வண்ணம் அடித்த கிளாஸையும் தொடாதீர்கள். அந்த வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு, உதடு படும் இடம் அது. ஐரோப்பிய பார்களுக்காகச் செய்த கிளாஸில் பெரும்பாலும் கொள்ளளவுக் கோடும், பக்கத்தில் 0.25 அல்லது 0.5 லி என்ற எண்ணும் இருக்கும். உங்களிடம் காட்டிய கிளாஸில் அது இருந்ததா? ‘ஒன்று மட்டும் தர மாட்டேன், செட்டாகத்தான்’ என்று சொல்லியிருப்பாரே! சொல்லியிருந்தால் அந்த ஆறில் இரண்டு விரிசல்.

கிளாஸுக்காக இவ்வளவு அலைகிற நாம் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்ப்பதில்லை. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வெளிர் பீரான லாகரின் ருசியைக் கெடுப்பதில் முதலிடம் பழசுக்கு, அடுத்த இடம் சூட்டுக்கு. ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழசாகிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கிளாஸாலும் அதை மறைக்க முடியாது. ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் எடுத்துக் கொடுப்பதைத்தானே நாம் வாங்குகிறோம்? 2003 முதல் சில்லறை விற்பனை அரசு கையில். தேதி பார்த்து மாற்றிக் கேட்டால் பின்னால் வரிசை முணுமுணுக்கும், பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்டால் ‘இருக்கிறதுதான் இருக்கு’ என்பார்கள், கூலிங் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் பீர் காய்ச்சிய மலை இது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கியபோது, அதில் நீலகிரி புரூவரீஸும் ஒன்று. இப்போது லாரியில் எது ஏறி வருகிறதோ அதுதான் நம் ருசி. காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2022 மே மாதம் இந்த மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. காட்டில் யானை காலில் கண்ணாடி ஏறாமல் இருக்க நீதிமன்றம் சொல்லி வந்தது, நல்ல காரியம். காலி பாட்டிலின் மேல் காட்டும் அக்கறையில் கால்வாசியை நிறைந்த பாட்டிலின் மேல் காட்டினால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். அதனால் உங்கள் விமர்சனத்தில் கிளாஸ் பெயரைப் போடும் இடத்தில் தயாரிப்புத் தேதியைப் போடுங்கள்.

கழுவுவது பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். நுரைக்கு எமன் எண்ணெயும் சோப்பும். ஆட்டுக்கறிச் சட்டி தேய்த்த நாரால் கிளாஸைத் தேய்க்காதீர்கள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து வையுங்கள். மழை மாதங்களில் நம் அலமாரிகளில் பூஞ்சை வாடை ஏறும், அதனால் ஊற்றுவதற்கு முன் கிளாஸை மறுபடி அலசிக்கொள்ளுங்கள். சரியாகக் கழுவியிருக்கிறதா என்று பார்க்க, உள்பக்கத்தை நனைத்து உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக ஒட்டாமல் நின்றால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. கையில் தைல வாடை இருந்தால் அன்றைக்கு எழுதவே வேண்டாம். யூகலிப்டஸுக்கு முன்னால் எந்த ஹாப்ஸும் நிற்காது.

அட்வான்ஸ் 500 ரூபாய்க்கு ரசீது வாங்கினீர்களா? வாங்கியிருந்தால், கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வராது. அப்போது நீங்களே நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 (லீஷ்மன் ஆலைகளை இணைத்த வருடமும் அதுவே, மறக்காது). கூப்பிட்டால் புகாரைப் பதிந்து ஒரு எண் தருவார்கள். கையில் ரசீதே இல்லை என்றால் அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொண்டு அதிகம் எதிர்பார்க்க முடியாது. 500 ரூபாயோடு போகட்டும், மீதி 4,900ஐக் கொடுத்துவிடாதீர்கள்.